வேலி தாண்டிய மண்

அடுத்தவர் தோட்டத்துக்குள் டிபன் டப்பாவும் கையுமாகக் குந்தியிருந்தார் டிரைவர்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். வந்த பணத்தில் வாங்கிய துண்டு நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இவரோ வேலியைத் தாண்டி வந்து, பக்கத்து நிலத்து டெய்லரம்மாவின் மண்கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் காவல் நின்ற மனைவி கிசுகிசுத்தாள்.

"ஏங்க, அவங்கவங்க நிலத்து மண்ணைத்தானே வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னாங்க?"

"நம்மளதெல்லாம் ஒரு மண்ணா? புல்லும் பூண்டும் சருகுமாக் கிடக்கு. அந்தம்மா தோட்டத்தைப் பாரு. துடைச்சு வச்ச மாதிரி, பச்சைப் பசேல்னு!"

"சருகைக் கூட்டுங்கன்னு நான் சொன்னப்போ நாற்காலியை விட்டு எந்திரிச்சீங்களா?"

"சரி சரி, யாராச்சும் வர்றாங்களா பாரு."

விஷயம் மானத்தோடு நிற்கவில்லை. சின்ன நிலக்காரர்களுக்கு வாராவாரம் சமூகக் கூடத்தில் மண்ணையும் நீரையும் காப்பாற்றுவது பற்றி வகுப்பு எடுக்கும் மேடம், "பரீட்சையில யார் மண் முதல்ல வருதோ, அவங்க நிலத்துல மழைநீர்க் குளம் இலவசமா வெட்டித் தருவோம்" என்று சொல்லியிருந்தார். போன கோடையில் டிரைவரின் எலுமிச்சைக் கன்றுகளில் பாதி கருகிவிட்டன. மீதிக்குத் தண்ணீர் சுமந்தே மனைவியின் இடுப்பு ஒடிந்தது. இன்னொரு கோடையைக் கன்றும் தாங்காது, இடுப்பும் தாங்காது.

ஆகவேதான் இந்தத் திருட்டு.

மறுநாள் கூடத்து மேசையில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக நின்றன.

"எல்லாரும் சொந்த மண்ணுதானே கொண்டுவந்தீங்க?" என்றார் மேடம்.

முதலில் எழுந்தவர் நம்ம டிரைவர்தான்.

"நல்லா விசாரிச்சுக்கோங்க மேடம். இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியாது."

பக்கத்து நாற்காலியில் டெய்லரம்மாவுக்கு லேசாக இருமல் வந்தது. வேலி போட்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அளவோடுதான். அதனால் டிரைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மேடம் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு கட்டியை எடுத்து ஒவ்வொரு டம்ளரில் போட்டார்.

"உயிருள்ள மண்ணுன்னா கட்டி உடையாம நிக்கும். செத்த மண்ணுன்னா கரைஞ்சு சேறாயிடும். இவ்வளவுதான் பரீட்சை."

டிரைவர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். அடித்த கண்ணைத் திறப்பதற்குள் அவருடைய டம்ளர் டீ மாதிரி கலங்கிவிட்டது.

டெய்லரம்மாவின் டம்ளரில் கட்டி போட்டது போட்டபடி நின்றது.

"அருமை! சருகு மக்கி, மண்புழு குடியிருக்கிற மண்ணு. குளம் டெய்லரம்மாவுக்குத்தான்!" என்றார் மேடம். "டிரைவர் சார், வருத்தப்படாதீங்க. உங்களது மூட்டை மூட்டையா ரசாயன உரத்தைத் தின்னே செத்துப்போன மண்ணு. மேல பச்சையாத்தான் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது."

எல்லோரும் கைதட்டினார்கள். டெய்லரம்மா எழுந்து, "மேடம், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

முடிக்க விட்டால்தானே! அநியாயத்தைக் கண்டால் டிரைவருக்குப் பொறுக்காது.

"நிறுத்துங்க! இது சுத்தப் பித்தலாட்டம்! ஒரே மண்ணு எப்படி ஒரு டம்ளர்ல கரையும், இன்னொரு டம்ளர்ல நிக்கும்?"

"ஒரே மண்ணா? எப்படி சார்?"

"ரெண்டும் டெய்லரம்மா மண்ணுதானே! நானே என் கையால அள்ளி..."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். உட்காரவும் தோன்றாமல் நிற்கவும் தோன்றாமல் டிரைவர் திருதிருவென்று விழித்தார். குளமும் போச்சு, மானமும் போச்சு.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ பரீட்சைதான் தப்பா?"

"பரீட்சை தப்பில்ல மேடம்," என்றார் டெய்லரம்மா. "அண்ணன் கொண்டுவந்ததுதான் என் மண்ணு. வேலியைத் தாண்டி வந்து அவர் அள்ளினதை நான் ஜன்னல்ல இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்போ உங்க டப்பாவுல இருக்கறது?"

"அண்ணனோட மண்ணு. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன். குளத்தை அவர் நிலத்துலயே வெட்டிடுங்க."

டிரைவர் முதல் முறையாக டெய்லரம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... என் மண்ணை எதுக்கு நீங்க..."

"பின்ன என்ன அண்ணே? உங்க மண்ணை நீங்களே நம்பாம வீட்டுல விட்டுட்டீங்க. யாராச்சும் ஒருத்தர் அதை வகுப்புக்குக் கூட்டிட்டு வர வேணாமா?"