ஆபீஸ் நேரக் கவனம்

நாற்பது வயதில்தான் நவநீதனுக்கு ஏடிஎச்டி என்ற கவனச் சிதறல் குறைபாடு இருப்பது தெரிந்தது. கம்பெனியே செலவு செய்து அவன் காதுக்குப் பின்னால் ஒரு சிப் பொருத்தியது. அதன்பின் ஆபீஸ் நேரத்தில் அவன் மனம் எங்கும் ஓடவில்லை.

மகளுக்கு வலிப்பு வந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து மேனேஜரை அழைத்தான்.

"சார், டாக்டர் மருந்து பத்திச் சொல்லப் போறாங்க. கொஞ்ச நேரம் சிப்பை ஆன் பண்ணுங்க."

"லீவுல இருக்கீங்களே நவநீதன். சொந்த விஷயத்துக்கெல்லாம் தர முடியாதுங்க."

எதை எப்போது கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் விளக்கினார். வெளியே ஒரு ஸ்ட்ரெச்சர் கிறீச்சிட்டுப் போனது. அவன் மனமும் அதன் பின்னாலேயே போனது. மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடியும் தவறவிட்டான்.

"இப்பவாவது புரிஞ்சுதுங்களா?"

பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய மாதிரி தலையாட்டினான்.