ஏழு நாள் எண்ணெய்

சத்துரு வீட்டைச் சுற்றி வருகிறான், விழித்திருங்கள் என்று பாஸ்டர் எச்சரித்த நாளிலிருந்து மேபல் உபவாசம் இருந்தாள். தினமும் காலையில் ஜெப எண்ணெயை எடுத்து வாசல் நிலையிலும் சன்னலிலும் தாழ்ப்பாளிலும் தடவினாள். சத்துரு யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் கொழுந்தன் மனைவி சுகிர்தாதான். போன ஞாயிறு ஆராதனையில் சமாதானம் சொல்ல அவள் நீட்டிய கையை மேபல் தொடவில்லை.

ஏழாம் நாள் நண்பகலில் யாரோ கதவை இடித்தார்கள்.

"அக்கா, திறங்க. ஒங்க அடுப்படியில இருந்து பொக வருது." சுகிர்தாவின் குரல்.

மேபல் முழங்காலிலிருந்து எழவில்லை. இப்படி அக்கறையாகப் பேசித்தான் உள்ளே வரப் பார்ப்பாள். "ஒன் சூது எனக்குத் தெரியும், போ" என்று கத்திவிட்டு, இன்னும் சத்தமாக ஜெபித்தாள்.

கண் எரிந்தபோதுதான் திரும்பினாள். உபவாசம் முடிக்கக் கஞ்சி ஏற்றியிருந்த அடுப்பிலிருந்து தீ திரைக்குத் தாவி, பின்வாசலை அடைத்திருந்தது. ஓடிப்போய் முன்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். விரல்கள் வழுக்கின. சேலைத் தலைப்பால் பிடித்து இழுத்தாள். தினமும் கை துடைத்த தலைப்பிலும் எண்ணெய்.

கதவை ஒட்டிய சன்னலின் கம்பிகளுக்குள் சுகிர்தா தோள்வரை கையை நுழைத்தாள்.

"இங்கேருந்து ஒண்ணும் தெரியலக்கா. என் கையப் பிடிச்சுத் தாழ்ப்பாள்ல வைங்க."

அதே கை. எண்ணெய் படாத விரல்களை விரித்தபடி புகைக்குள் காத்திருந்தது. மேபலுக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஆத்திரத்தோடேயே அந்தக் கையைப் பிடித்துத் தாழ்ப்பாளில் வைத்தாள்.