நஜ்லாவின் மதியச் சாப்பாடு

"ஊரே நோன்பு பிடிக்குது. நான் மட்டும் பட்டப்பகல்ல உக்காந்து மொக்கணுமா? வெக்கமா இருக்காதா எனக்கு?"

ஷொரூக் தட்டைத் தள்ளிவிட்டாள். அவித்த மொச்சையும் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தொடப்படாமல் அப்படியே இருந்தன.

அவளுக்குப் பதினைந்து வயது. சாப்பாட்டைக் கண்டாலே பயந்து உடம்பைக் கரைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கென்று அலெக்சாந்திரியாவின் அந்த மருத்துவமனையில் தனி வார்டு உண்டு. அங்கே அவள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் "பசிக்கல", "வயிறு வலிக்குது" என்று அவள் சொன்ன எதுவும் எடுபடவில்லை. ரமலான் பிறந்ததும் நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. இதை யார் மறுத்துப் பேச முடியும்?

டாக்டர் பேசிப் பார்த்தார்.

"நோயாளிக்கு நோன்பு கடமை இல்லம்மா. இமாமே நேர்ல வந்து சொல்லிட்டுப் போனார்ல? உன் இதயம் ரொம்ப தளர்ந்துபோய் துடிக்குது. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா மூக்கு வழியா குழாய்தான். அதை உன் உடம்பு தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

"தாங்கலன்னா போறேன். நோன்போட போனா சொர்க்கம்தானே?"

மூலையில் நின்ற அம்மா முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவாள்? அவளும் நோன்பு.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு நர்ஸ் நஜ்லா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"ஷொரூக், ஒரு உதவி பண்ணுவியா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"என்னக்கா?"

"எனக்குச் சர்க்கரை வியாதி. நோன்பு பிடிச்சா மயங்கி விழுந்துடுவேன். வெளியில டப்பாவைத் திறந்தா, கூட வேலை பாக்குற தஹானி பார்வையாலேயே பொசுக்கிடுவா. உன் ரூம்லதான் சாப்பிட முடியும். ஆனா ஒண்ணு, எதிர்ல ஒருத்தி சும்மா உக்காந்திருந்தா எனக்குத் தொண்டையில இறங்காது."

ஷொரூக் லேசுப்பட்டவள் இல்லை. "இது டாக்டர் சொல்லிக் கொடுத்த தந்திரம்தானே?"

நஜ்லா ரொட்டியைப் பிய்த்தாள். அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு வாயில் வைத்தாள். விழுங்குவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஷொரூக்கின் சந்தேகம் போய்விட்டது. ரமலான் பகலில் எந்தப் பெண்ணாவது தந்திரத்துக்காகச் சாப்பிடுவாளா? ஐயோ பாவம், சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிட்டது போல.

"மெதுவா சாப்பிடுங்கக்கா."

"நீ ஒரு வாய் வை. அப்பத்தான் எனக்கும் இறங்கும்."

ஷொரூக் தன் தட்டிலிருந்து ஒரு மொச்சையை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

அன்று முதல் தினமும் ஒரு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. ஷொரூக் நிறுத்தினால் நஜ்லாவும் நிறுத்திவிடுவாள். டப்பாவை மூடிவிட்டு ஜன்னல் வழியே ட்ராம் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஷொரூக்குக்குப் பதறும்.

"அக்கா, மூணு பிள்ளைங்களுக்குத் தாய் நீங்க. விழுந்து வச்சா என்ன ஆகும்? சரி சரி, இதோ நான் சாப்பிடறேன், நீங்களும் எடுங்க."

சில நாள் ஷொரூக் அழுதுகொண்டே விழுங்கினாள். சில நாள் தட்டை முறைத்துப் பார்த்தே அரை மணி நேரம் போனது. ஆனாலும் விழுங்கினாள். பத்து நாளில் நிலைமை தலைகீழாகிவிட்டது.

"அந்த ரொட்டியில பாதியை ஏன் வச்சிட்டீங்க? முழுசா முடிங்க. என்கிட்டயே ஒளிக்கிறீங்களா? அந்த வேலையெல்லாம் நான் எப்பவோ பண்ணிட்டேன்!"

"ஏ அப்பா, டாக்டரம்மா ரொம்பக் கண்டிப்பு!" என்று நஜ்லா சிரிப்பாள்.

விடுமுறை நாளிலும் மதியம் வந்துவிடுவாள். வீட்டில் எல்லோர் எதிரிலும் சாப்பிட முடியாது, அதனால்தான் வருகிறாள் என்று ஷொரூக் நினைத்துக்கொண்டாள். ரகசியத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பெருநாளுக்குள் இதயம் சீராகத் துடித்தது. குழாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. பெருநாள் முடிந்த மறுநாள் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது ஷொரூக்கின் கையில் ஒரு பெட்டி இருந்தது. பெருநாள் பிஸ்கட். தானே மாவு பிசைந்து, ஒரு துளி சர்க்கரை போடாமல் சுட்டிருந்தாள். வார்டு வாசலில் தஹானிதான் உட்கார்ந்திருந்தாள்.

"நஜ்லா அக்கா எங்க? மணி ஒண்ணாச்சு. சாப்பிட்டாங்களா?"

"உள்ள இருக்கா. அவ எங்க சாப்பிடப் போறா? நோன்புல்ல?"

"இப்பவா? பெருநாள் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சே!" ஷொரூக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சர்க்கரையை வச்சுக்கிட்டு நோன்பா? மயங்கி விழுந்துடுவாங்க! முதல்ல போய்த் தடுங்க!"

தஹானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சர்க்கரையா? அவளுக்கா? யாரு சொன்னது? கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு. காய்ச்சல் கொதிச்சாக்கூட நோன்பை விடாதவ. இந்த வருஷம் என்ன வந்துச்சோ தெரியல, இருபத்தாறு நோன்பை விட்டிருக்கா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல, இப்ப தனியா ஒவ்வொண்ணாப் பிடிச்சு ஈடுகட்டிக்கிட்டு இருக்கா."