மஞ்சள் பட்டைக்காரி

செங்கம் சாலையில் ஒரு விடுதியின் மொட்டைமாடி. தகரக்கூரை இடுக்கில் இறங்கும் மாலை வெயில், மேடையில் பட்டுத்துண்டோடு வீற்றிருக்கும் 'குவாண்டம் ஞானி'யின் மோதிரங்களில் மட்டும் தங்கி மின்னுகிறது. பாதி ஒளியை உள்ளே விட்டுப் பாதியைத் திருப்பும் அரைக்கண்ணாடியின் இரு பக்கமிருந்தும் ஒரே கணத்தில் வந்து சேரும் இரண்டு ஒளித்துகள்கள், தமக்குள் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டால், சேர்ந்து ஒரே பக்கமாகத்தான் வெளியேறும் என்கிறார். "அதுதான் அத்வைதம். நீயும் நானும் ஒண்ணு!" முன்வரிசை மெத்தை நாற்காலிகள் கண்மூடி உருகுகின்றன. அவற்றில் ஒன்றில், முட்டிவலியோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த வெள்ளையம்மாள். பக்கத்தில் மருமகள் தமிழ்செல்வி, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். தொண்டர் ஒருவர் குனிகிறார். "அம்மா, உங்க கையில மஞ்சள் பட்டை, தரையில உக்காருங்க. நீலப் பட்டைக்குத்தான் நாற்காலி." பேராசிரியை என்பதால் தமிழ்செல்வியின் மணிக்கட்டில் மட்டும் வாசலில் நீலம் கட்டியிருந்தார்கள். "அத்தையால கீழ உக்கார முடியாதுங்க." "ரூல்ஸ் மேடம்." ஒலிபெருக்கி "வித்தியாசமே இல்லை" என்று குழைகிறது. தமிழ்செல்விக்குக் காது சிவக்கிறது. எழுந்துவிடுகிறாள். "சாமி, மீதியை முழுங்கிட்டீங்களே! எது எந்தத் துகள்னு கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருந்தாலே, அந்தச் சேர்க்கை கெட்டுடும். நீங்க வாசல்லயே அடையாளம் கட்டி அனுப்புறீங்க!" தன் நீலத்தையும் அத்தையின் மஞ்சளையும் பிய்த்துக் கசக்குகிறாள். தொண்டர் மேடையைப் பார்க்கிறார். ஞானி அவசரமாகத் தியானத்தில் ஆழ்கிறார். வெள்ளையம்மாள் முட்டியை நீவியபடி நன்றாகச் சாய்ந்துகொள்கிறாள். "ஏம்ப்பா முழிக்கிற? தானும் நானும் ஒண்ணுன்னு சாமியே சொல்லிட்டாரு. எழுப்புறதுன்னா அவரையும் சேத்து எழுப்பு."