பத்தாவது மொட்டு

“எலிதான். வேற எவனும் இல்ல.” வெறும் காம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துப் பார்த்தான் அவன். நேற்று மாலை பட்டாணி அளவுக்கு விடைத்து நின்ற சாமந்தி மொட்டு, இன்று காலை இல்லை. இது ஒன்பதாவது.

எலி கடித்திருந்தால் காம்பு நார் நாராகப் பிய்ந்திருக்க வேண்டும். இது பிசிறில்லாமல் இருந்தது. கெட்டிக்கார எலி என்று பல்லைக் கடித்தான்.

நீல பேரல் ஒன்றை இரண்டாக அறுத்து பால்கனியில் வைத்திருந்தான். கீழ்ப் பாதியில் மீன், மேல் பாதியில் ஜல்லியும் செடியும். மீனின் கழிவுத் தண்ணீரைச் சின்ன மோட்டார் மேலே ஏற்றும்; அதிலுள்ள சத்தைச் செடி உறிஞ்சிக்கொண்டதும், தெளிந்த தண்ணீர் திரும்ப மீனுக்கே ஒழுகும். மண் கிடையாது, உரம் கிடையாது. இதுவரை பூவும் கிடையாது.

“காலங்காத்தால அதுகிட்ட என்ன பேச்சு?” கூடத்திலிருந்து மனைவி கத்தினாள். மடி நிறையத் தையல் கம்பெனிச் சட்டைகள். தையலில் துருத்தி நிற்கும் நூல்களை வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. “வீடே மீன் மார்க்கெட்டா நாறுது. ஒருநாள் இல்ல ஒருநாள் மொத்தத்தையும் தூக்கித் தெருவுல கடாசுறேன் பாருங்க.”

“கடாசுவே, கடாசுவே. நேத்து கரண்ட் போனப்ப எதுக்குடி ஒரு மணி நேரம் சொம்பால தண்ணி மொண்டு மொண்டு ஊத்தினே?”

“மீன் செத்தா இன்னும் நாறும்ல.” கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த குட்டிக் கத்தரியை எடுத்து ஒரு நூலை நறுக்கென்று வெட்டினாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு மாடிக்குக் கம்பி கட்டிய கை. ஒரு பூவைக் கட்டிக் காக்கத் துப்பில்லை.

சாரத்திலிருந்து விழுந்து, தொடைக்குள் தகடு வைத்து, எழுந்து உட்கார முடிந்த வாரமே பேரலை அறுக்க ஆரம்பித்தவன் அவன். பார்க்க வந்த கூட்டாளிகள் சிரித்தார்கள். “ஜல்லில கான்கிரீட் போடலாம். பூ எங்கய்யா பூக்கும்?” என்றார் மேஸ்திரி.

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. “பூக்கும்யா. முதல் பூவைச் சட்டையில குத்திக்கிட்டு அன்னைக்கே வந்து சாரம் ஏறுறேன். பூ இல்லாம வந்தேன்னா என்னைச் செருப்பால அடி!” டீ கொண்டுவந்த மனைவி எல்லார் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழு மாதம் ஓடிவிட்டது. ஏறலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். செடி முதலில் வெறும் இலையாகக் கொழுத்தது. மீன் தீனியைக் குறைத்து, வெயிலுக்கு நகர்த்தி, வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை ஊற்றி, நாயாய் அலைந்த பிறகுதான் மொட்டே வந்தது. வந்ததெல்லாம் எலிக்குப் போனது.

போன் அடித்தது. மேஸ்திரி.

“என்ன மீன்காரரே, பூத்துதா?”

“மொட்டு வருதுங்க. எலி விடமாட்டேங்குது.”

“யோவ், புது பில்டிங். இருபத்திரண்டு மாடி. திங்கக்கிழமை ஆள் எடுக்கிறாங்க, உன் இடத்தை அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது. அந்தச் சபதத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வாய்யா.”

“பத்துப் பேர் முன்னாடி சொன்னதுங்க. திங்கக்கிழமை பூவோட வர்றேன்.” போனை வைத்தான். கூடத்தில் கத்தரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இன்னும் ஒரே ஒரு மொட்டு பாக்கி. அடிக்கிளையில், இலைக்குள் பதுங்கி, நுனியில் மஞ்சள் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் விரிந்துவிடும்.

கடைக்குப் போய் எலி பிடிக்கும் பசை அட்டை வாங்கி வந்தான். மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்த மொட்டைச் சுற்றி ஜல்லி மேல் விரித்து, இலைகளை இழுத்து மறைத்தான். அவளிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பாட்டு விழும்.

“மீன் தீனி தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வர்றேன்,” என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

அரை மணி நேரத்தில் திரும்பினான். கூடத்தில் சட்டைகள் அப்படியே கிடந்தன, ஆள் இல்லை. பால்கனியில் ஏதோ உருளும் சத்தம். “மாட்டுச்சுடா!” செருப்பைக் கழற்றிக் கையில் ஓங்கிக்கொண்டு பாய்ந்தான்.

பேரல் பக்கத்தில் மனைவி குந்தியிருந்தாள். எண்ணெய்ப் பாட்டில் கவிழ்ந்து உருண்டுகொண்டிருந்தது. அவளுடைய வலது உள்ளங்கை மொத்தமும் அட்டையோடு ஒட்டியிருந்தது. விரலிடுக்கில் குட்டிக் கத்தரி. அதன் பக்கத்தில், பசையில் அமுங்கி, நுனி மஞ்சளாக அந்த மொட்டு.

ஓங்கிய செருப்பு அப்படியே நின்றது.

“நீயா?” செருப்பைக் கீழே போட்டான். “ஏழு மாசம்டி! பிடிக்கலேன்னா மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். செடியை வேரோட பிடுங்கிப் போட்டிருக்கலாம். சொம்புல தண்ணி ஊத்தி உயிரைக் காப்பாத்திட்டு, மொட்டை மட்டும் எதுக்குடி வெட்டினே?”

அவள் நிமிரவில்லை. ஒட்டிய விரல்களில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“பூத்தா நீங்க மேல ஏறிடுவீங்களே.”