அன்புடன் சுஹாஸ்

"ஏண்டா கிரீஷ், அப்பா அம்மாவுக்கு அனுப்பற ஸ்வீட்டுல கூடவா கமிஷன் அடிப்பே?"

பத்ரிநாராயணன் போட்ட சத்தத்தில் தெரு சங்கக் கூட்டமே அடங்கிப் போனது.

மயிலாப்பூரில் அந்தத் தெருவுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு வெப்சைட் உண்டு. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கும் கிரீஷ்தான் சும்மா செய்து கொடுத்தான். 1999-ல் அது பெரிய விஷயம். யார் வீட்டில் கல்யாணம், தண்ணி லாரி வந்ததா, எந்தப் பெரியவருக்கு என்றைக்கு நட்சத்திரப் பிறந்தநாள், எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் படிப்பார்கள்.

கடைசியில் ஒரு வரி. அதை அழுத்தினால் ஒரு பரிசுக் கடைக்குப் போகும். அங்கே பணம் கட்டினால் இங்கே பெற்றவர்கள் வீட்டுக்கு ஸ்வீட் பெட்டி வந்துவிடும்.

அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு ஆர்டருக்கும் கடைக்காரன் கிரீஷுக்குப் பங்கு கொடுக்கிறான். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த அந்தத் தெருப் பெண் ஸ்ரீரஞ்சனி அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

"பங்கு வர்றது நிஜம்தான் மாமா. ஆனா நான் எடுத்துக்கலை."

"பின்னே யாருக்குப் போறது?"

"அதைச் சொல்ல முடியாது மாமா."

"சொல்ல முடியாதாம்! கேட்டேளா எல்லாரும்?"

"கமிஷன் வர்றதுன்னு சைட்டுலயே எழுதியிருக்கணும். அது என் தப்பு. இன்னிக்கே எழுதிடறேன்."

"எழுதறதாவது! என் பிள்ளை சுஹாஸ் ஒரு விசேஷம் விடறதில்லை. தீபாவளிக்கு ஒண்ணு, என் நட்சத்திரத்துக்கு ஒண்ணு, சூடாமணி நட்சத்திரத்துக்கு ஒண்ணு. அவன் பாசத்துலயா உனக்குப் பங்கு?"

கிரீஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பத்ரியின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"அந்த வரியை எடுத்துடறேன் மாமா."

அதற்குப் பிறகு அவன் கூட்டத்துக்கு வரவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"பாவம்னா. நம்மாத்துல ஃபியூஸ் போனா அவன்தானே ஓடி வருவான்" என்றாள் பத்ரியின் மனைவி சூடாமணி.

"திருட்டுப் பயலுக்குப் பரிஞ்சுண்டு வராதே."

கார்த்திகை மாசப் பூசம் வந்தது. பத்ரியின் நட்சத்திரம். சூடாமணி பாயசம் வைத்தாள். அவர் காலையிலிருந்து வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் சத்தம் கேட்டால் எழுந்தார். பால்காரன், கேஸ்காரன், கூரியர்காரன் எல்லாரும் வந்தார்கள். பெட்டி வரவில்லை.

சாயங்காலம் கோயிலில் எதிர்வீட்டு சந்திரமௌலி சொன்னார். "உமக்கும் வரலையா ஓய்? என் பொண்ணு கிட்டேர்ந்தும் இந்தத் தடவை ஒண்ணும் காணோம்."

"வேற கடை தேடணுமோல்லியோ? அவாளுக்கு ஏது நேரம்? தன்னால வரும்."

பத்ரி சொல்லிவிட்டாரே தவிர மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரே சுஹாஸுக்குப் போன் போட்டார்.

"ஏண்டா, இந்தத் தடவை பெட்டி வரலையே?"

"என்ன பெட்டிப்பா?"

"ஸ்வீட் பெட்டிடா. 'அன்புடன் சுஹாஸ்'னு அட்டை வச்சு அனுப்புவியே. இன்னிக்கு என் நட்சத்திரம்."

"உன் பர்த்டே டிசம்பர்லன்னா வரும்? நட்சத்திரமெல்லாம் எனக்கு எங்கேப்பா தெரியும்? நான் எப்போ ஸ்வீட் அனுப்பினேன்? சரி, ஆபீசுக்கு டயமாச்சு. அப்புறம் பேசறேன்."

பத்ரி ரிசீவரை வைத்தார்.

அவர் நட்சத்திரத்தைக் கேட்டு வெப்சைட்டுக்காக எழுதி வைத்துக்கொண்டவன் ஒருத்தன்தான். சந்திரமௌலியின் பெண்ணும் இதுவரை எதுவும் அனுப்பியிருக்க மாட்டாள். அந்தக் கமிஷன் பணம்தான் பெட்டியாக வந்திருக்கிறது.

'அதைச் சொல்ல முடியாது மாமா.'

சபையில் அத்தனை பேருக்கு நடுவில் திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு போனானே. வாயைத் திறந்திருந்தால் யாருக்குத் தலைகுனிவு?

"என்னன்னா சொன்னான் சுஹாஸ்?" அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள் சூடாமணி. பாயசக் கரண்டி கையிலேயே இருந்தது. "அனுப்பியிருக்கானாமா?"

அந்த முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குக் கிரீஷ் தன்னிடம் என்ன பார்த்தான் என்று இப்போது புரிந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டார். ஸ்வீட் கடைக்குப் போக கிரீஷ் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"அனுப்பியிருக்கானாம். கடையிலேயே வச்சிருக்காளாம். போய் வாங்கிண்டு வந்துடறேன்."