ஏசிக்கு டீப் கிளீனிங்

"வாயைத் திறந்தாலே நாத்தம் குடலைப் புடுங்குது சார்! பக்கத்துல படுக்க முடியல!"

போனில் அந்த அம்மா இப்படிச் சொன்னதும் குணசேகருக்குத் துள்ளிக் குதிக்கணும் போல இருந்தது. அடுத்த வீட்டு நாத்தத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் ஜோகுபாளையத்திலேயே அன்றைக்கு அவன் ஒருத்தன்தான்.

பின்னே? பொம்மசந்திரா பேக்டரி வேலையை உதறிவிட்டு ஏசி மெக்கானிக் கடை போட்டவன். கடைப் பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. "இந்த ஊர்ல ஜன்னலைத் தொறந்தா ஏசி. உங்க கடைக்கு யாருங்க வருவா?" என்று பெண்டாட்டி கிரேஸ் தினமும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வேலையாவது வராவிட்டால், திங்கட்கிழமை பழையபடி பேக்டரி பஸ் ஏறுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இன்றைக்குச் சனி.

கடைக்கென்று தனியாக போன் கிடையாது. பக்கத்துக் கிளினிக் போன்தான் அவனுக்கும் பி.பி. நம்பர்; அழைப்பு வந்தால் அங்கே வேலை செய்கிற மௌரீன் வந்து கூப்பிடுவாள். இன்று அவள், "சாப்ட்டு வந்துடறேன் அண்ணா, போன் அடிச்சா எடுங்க" என்று இவனை உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் தலை மறைந்ததும் மணி அடித்தது.

"ஹலோ, ஹேளி! சொல்லுங்க!" என்று கன்னடமும் தமிழுமாகப் பாய்ந்து எடுத்தான்.

"நீங்க தமிழா? அப்பாடா! டீப் கிளீனிங் பண்றீங்க இல்ல?"

"ஏசிக்குத்தானே மேடம்?"

"அட, ஏசிக்குத்தான்! எப்படி சார் கரெக்டா சொல்றீங்க?"

"பேசறத வெச்சே தெரிஞ்சுடும் மேடம். சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று கேட்ட பிறகு வந்ததுதான் அந்த நாத்தப் புராணம்.

குணசேகர் பேப்பரும் பேனாவும் இல்லாத டாக்டர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "வாய்னா, முன்னாடி காத்து வர்ற வாய்தானே?"

"வேற எந்த வாய் சார்?"

"உள்ள கறுப்பா படிஞ்சிருக்கா?"

"கறுப்பு, மஞ்சள், பச்சை... எல்லாக் கலரும் இருக்கு!"

"சத்தம்?"

"அத ஏன் கேக்கறீங்க! ராத்திரி பூரா டர்ர்ருனு. கீழ் வீட்டுக்காரங்க ஏறி வந்து சண்டை போட்டுட்டாங்க."

"தண்ணி ஒழுகுதா?"

"தினம் தலகாணி உறை மாத்தறேன்."

"கூலிங்?"

"கூலா? எப்பப் பாத்தாலும் சூடுதான்!"

அடேயப்பா! கெட்ட வாடை, கறுப்பு, சத்தம், ஒழுகல், கூலிங் இல்லை. ஏசியைக் கழட்டிக் கழுவ வேண்டும் என்பதற்கு என்னென்ன அறிகுறி உண்டோ அத்தனையும் ஒரே வீட்டில்! குணசேகருக்கு அந்த ஏசியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

"இதுல ஒண்ணு இருந்தாலே கழுவணும் மேடம். இவ்ளோ நாள் விட்டு வெச்சதே தப்பு."

"நானும் அதையேதான் சார் சொல்றேன். கேட்டாத்தானே!"

வீட்டுக்காரர் கொஞ்சம் கஞ்சம் போல என்று இவன் நினைத்துக்கொண்டான். "எத்தன டன் மேடம்?"

அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "போங்க சார்! ஒன்றரை டன் இருக்கும்!"

"சரி, இப்பவே வீட்டுக்கு வந்து பண்ணிடறேன்."

"வீட்டுக்கே வருவீங்களா? தெய்வம் சார் நீங்க! அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்காம வெச்சிருக்கட்டுமா?"

கரண்ட் விஷயம் கூடத் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று அவனுக்கு மதிப்பு கூடிப்போனது. "ஆமா மேடம், சுத்தமா நிறுத்திடுங்க" என்று சொல்லி விலாசம் வாங்கிக்கொண்டான்.

மௌரீன் திரும்பி வந்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்டு கிரேஸ் "ஸ்தோத்திரம்!" என்று வாய்விட்டுக் கத்தினாள். வாளி, பெரிய பிரஷ், சின்ன பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், தண்ணீர் பீய்ச்சும் பம்ப் எல்லாவற்றையும் அவளே ஆட்டோவில் ஏற்றி, "நல்லா அழுத்தித் தேய்ங்க. நாலு பேர்கிட்ட சொல்லணும்" என்று அனுப்பி வைத்தாள்.

வீட்டு வாசலில் வெள்ளை அம்பாசடர் நின்றது. பெரிய இடம்தான்! மாடியேறி மணியடித்ததும் அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தாள். வாளியையும் பம்பையும் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

"இவ்ளோ சாமான் வேணுமா சார்?"

"நீங்க சொன்ன நிலைமைக்கு இதுவே பத்தாது மேடம். முன்பக்கத்த மொத்தமா கழட்டிட்டு, பம்ப்ல அடிச்சாத்தான் அழுக்கு வெளிய வரும்."

அந்த அம்மா பம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படுக்கையறைக்குக் கூட்டிப் போனாள்.

குணசேகர் நாலு சுவரையும் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். திறந்த ஜன்னலில் திரைச்சீலை குளுகுளு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, சாய்வு நாற்காலியில், கழுத்தில் துண்டு கட்டிய ஒரு பெரிய மனுஷர் கண்ணை இறுக்க மூடி, வாயை ஆவென்று பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

குணசேகர் வாளியைக் கீழே வைத்தான். "மேடம்... ஏசி எங்க?"

"தோ, உக்காந்திருக்காரே! பேருதான் அசிஸ்டென்ட் கமிஷனர், பயம் ஜாஸ்தி. பல்ல மெதுவா தேய்ங்க, டாக்டர்!"